கரிசாலை எண்ணெய் கெட்டுப்போன கதை

நான் காய்ச்சும் கரிசலாங்கண்ணி எண்ணெய் மூன்றாவது வாரமே காறல் வாடை அடிக்கும். ஒருமுறை பாட்டில் கழுத்தோரம் பூஞ்சையே படர்ந்துவிட்டது. செக்கு மாற்றிப் பார்த்தேன், பயனில்லை.

பெரியம்மாதான் கேட்டார்: "சாறு முழுக்கச் சுண்டிச்சா, பாத்தியாடி?"

சடசடப்பு குறைந்ததுமே இறக்கிவிடுவேன். நீர் உள்ளேயே நின்றிருக்கிறது.

இப்போது அரை லிட்டர் தேங்காய் எண்ணெய்க்கு ஒரு டம்ளர் சாறு, சிறு தீ. அடி வண்டலை எடுத்து, ஆறியதும் விரலிடையில் தேய்ப்பேன். மெழுகாக உருண்டால் இன்னும் காய வேண்டும்; நறநறத்தால் இறக்கலாம். சித்த மருத்துவத்தில் மணல் பதம் என்பது இதைத்தான். சந்தேகமென்றால் பஞ்சுத் திரியை எண்ணெயில் நனைத்துக் கொளுத்துவேன். படபடவென வெடித்தால் ஈரம் மிச்சமிருக்கிறது. பாட்டிலையும் வெயிலில் காயவைத்தே ஊற்றுகிறேன்.

கார்த்திகையில் காய்ச்சியது மாசி வரை வாடை மாறவில்லை. முடி வளர்ந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.