கருவாடு சாப்பிட்ட மறுநாள் முகம் உப்புகிறதா?

கடலூர் முதுநகர் பக்கம் கருவாட்டுக் குழம்பு வைத்தால் ஒரு பிடி சோறு கூடுதலாகவே இறங்கும். மறுநாள் மோதிரம் இறுக்கும், முகம் உப்பும். ‘நீர் கோத்துக்கிச்சு’ என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள், பாவம் உடம்பு! நீரைப் பிடித்து வைப்பது உப்பிலுள்ள சோடியம். அதைச் சிறுநீரகம் வெளியேற்றத் தண்ணீர் வேண்டும். குறைத்தால் உடம்பு இருப்பதையும் சேமிக்கவே பார்க்கும்.

கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து நன்றாக அலசுங்கள். குழம்பை ருசி பார்த்த பிறகே உப்பு போடுங்கள். நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அப்புறம், மடமடவென்று குடித்தால் காற்றும் சேர்ந்து இறங்கி வயிறு உப்பும், மெதுவாகக் குடியுங்கள். இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. கால் வீக்கம் வடியவே இல்லையென்றால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.