கார்டில் ஒரு மொனிட்டர், மதர்போட்டில் ஒரு மொனிட்டர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்முனையிலிருந்து ஏறாவூர் வரை ஸ்டூடியோ வைத்திருப்பவர்கள், கல்யாண வீடியோ எடிட் செய்யும் பொடியன்மார் எல்லோருக்கும் இப்போது இரண்டு திரை வேண்டியிருக்கிறது. ஒன்றில் அல்பம் விரிந்திருக்கும், மற்றதில் படங்கள் வரிசையாக நிற்கும். ஒரே மெஷினில் ஒரு மொனிட்டரைக் கிராபிக்ஸ் கார்டிலும் (திரைக்குப் படம் தரும் தனிக் கார்ட்) மற்றதை மதர்போட்டிலும் புதிதாக மாட்டுகிறவர்கள் தடுக்கி விழும் இடங்கள் மட்டும் மாறுவதேயில்லை. கேபிள் கழன்று கிடப்பது போன்ற சில்லறைத் தவறுகளை விட்டுவிடுகிறேன்.

கார்டில் இடமிருக்க மதர்போட்டைத் தேடுவது

முதலில் கிராபிக்ஸ் கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். இரண்டு மொனிட்டருக்கும் பொருந்தும் போர்ட், அதாவது கேபிள் செருகும் துளை, அங்கேயே இருந்தால் இரண்டையும் அதிலேயே மாட்டுங்கள். ஜிடி 1030 மாதிரிச் சின்னக் கார்டுகளில் பெரும்பாலும் இரண்டு போர்ட்தான். மூன்றாவது திரை வேண்டும்போதோ, இருக்கும் போர்ட் உங்கள் மொனிட்டருக்குப் பொருந்தாதபோதோதான், மதர்போட்டின் போர்ட்டுக்குப் படம் தரும், புரொசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸைக் கூப்பிட வேண்டும்.

மதர்போட் செத்துவிட்டது என்று முடிவு கட்டுவது

என்னை இன்றைக்கும் கோபப்படுத்துவது இதுதான்.

கல்லடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் இரண்டாவது மொனிட்டரை மதர்போட்டின் எச்டிஎம்ஐயில் மாட்டினார். திரை கறுப்பாகவே நின்றது. கொண்டுபோய்க் காட்டிய இடத்தில் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு போர்ட் எரிந்துவிட்டது, போட் மாற்ற வேண்டும் என்றார்கள். மாற்றினார். அந்தப் புரொசசருக்குப் பொருந்தும் பழைய போட் ஒன்றைக் கொழும்பிலிருந்து எடுப்பித்தார். விண்டோஸ் லைசன்ஸ் பழைய போட்டோடு பிணைந்திருந்ததால் அக்டிவேஷனும் போனது. எல்லாம் முடிந்து மாட்டிப் பார்த்தால் புதுப் போட்டிலும் அதே கறுப்புத் திரை. “அண்ணன், இதுவும் செத்த போட்தான் தந்திருக்காங்க போல” என்று என்னிடம் வந்தார். இரண்டு போட்டிலும் ஒரு பழுதும் இல்லை.

நடந்தது இதுதான். தனிக் கார்ட் ஒன்றைச் செருகியதும் பெரும்பாலான மதர்போட்கள் புரொசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். பயோஸில், அதாவது விண்டோஸ் எழும்ப முன் திறக்கும் மதர்போட்டின் அமைப்புப் பக்கத்தில், அந்த இடத்தில் ‘ஓட்டோ’ என்று இருக்கும். கார்ட் இருக்கிறதா, அப்படியானால் நான் தூங்குகிறேன் என்பதுதான் அந்த ஓட்டோ. புதுப் போட்டும் அதே ஓட்டோவோடுதான் வந்திருந்தது.

மெஷினைப் போட்டதும் டிலீட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி பயோஸுக்குள் போங்கள். அசூஸ் போட்டில் ‘ஐஜிபியு மல்ட்டி மொனிட்டர்’, எம்எஸ்ஐயில் ‘ஐஜிடி மல்ட்டி மொனிட்டர்’, கிகாபைட்டில் ‘இன்டர்னல் கிராபிக்ஸ்’. அதை ‘எனேபிள்ட்’ ஆக்கி, எஃப்10 தட்டிச் சேமியுங்கள். பழைய டெல் ஒப்டிபிளெக்ஸ் பெட்டிகள் பலவற்றில் வீடியோ பகுதியில் ‘மல்ட்டி டிஸ்ப்ளே’ என்று இருக்கும். பிறகு விண்டோஸின் டிவைஸ் மனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸைத் திறந்தால் இரண்டு பெயர் தெரிய வேண்டும். தம்பியின் திரை அந்த ஒரு மாற்றத்தோடு எழும்பியது.

பயோஸில் அந்த வரியே இல்லையென்றால் புரொசசரின் இலக்கத்தைப் பாருங்கள். இன்டெல்லில் ஐ3-10100எஃப், ஐ5-12400எஃப் என்று கடைசியில் எஃப் நின்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஏஎம்டியில் ரைசன் 5 3600, 5600 போன்றவற்றிலும் இல்லை, 5600ஜியில் உண்டு. 7000 வரிசையில் பெரும்பாலானவற்றில் சிறியதாக ஒன்று இருக்கிறது, 7500எஃப்பில் இல்லை. இல்லாத கிராபிக்ஸை எந்த பயோஸாலும் எழுப்ப முடியாது. மதர்போட்டில் எச்டிஎம்ஐ துளை இருப்பதை நம்பி எஃப் புரொசசர் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், விலை குறைவு என்பதால்.

போர்ட் உண்மையிலேயே செத்ததா என்று அறிய ஒரு சோதனை போதும். மெஷினை நிறுத்தி, சுவரிலிருந்து வயரைப் பிடுங்கி, கார்டைக் கழற்றி வைத்துவிட்டு மதர்போட்டில் மட்டும் மொனிட்டரை மாட்டி ஓன் பண்ணுங்கள். படம் வந்தால் போர்ட் உயிரோடு இருக்கிறது. இதைச் செய்யாமல் ஒருவரிடம் போட் மாற்றச் சொல்வது அநியாயம்.

சில மாதங்கள் ஒழுங்காக ஓடிய இரண்டாவது திரை மாரி காலத்தில் கரண்ட் போய் வந்த பிறகு காணாமல் போகும். அப்போது பயோஸில் நேரத்தையும் ஆண்டையும் பாருங்கள். ஆண்டு பின்னுக்குப் போயிருந்தால் போட்டிலுள்ள சிஆர்2032 பற்றரி தீர்ந்துவிட்டது. நீங்கள் போட்ட அமைப்பும் ஓட்டோவுக்குத் திரும்பிவிட்டது. காசுபோல வட்டமான அந்தப் பற்றரியை மாற்றி, அமைப்பைத் திரும்பப் போட்டால் சரி.

மலிவான கொன்வேட்டர்

ஜிடிஎக்ஸ் 10 வரிசையிலிருந்து என்விடியா கார்டுகளின் டிவிஐ போர்ட்டில் அனலொக் சிக்னல் இல்லை. பழைய விஜிஏ மொனிட்டருக்கு அந்த அனலொக்தான் தேவை என்பதால், உள்ளே சிப் உள்ள கொன்வேட்டர் வேண்டும். வெறும் பின் மாற்றி வேலை செய்யாது.

ஒரு டிரைவரோடு நிறுத்துவது

இரண்டு கிராபிக்ஸுக்கும் டிரைவரை, அதாவது அதை இயக்கும் மென்பொருளை, தனித்தனியே போடுங்கள்.

எடிட்டிங்கைத் தவறான திரையில் வைப்பது

பிரிமியர், கேம் போன்ற பாரமானவை கார்டில் மாட்டிய மொனிட்டரில்தான் ஓட வேண்டும். மதர்போட் மொனிட்டருக்கு இழுத்துப்போட்டால், கார்ட் வரைந்த ஒவ்வொரு படமும் மெமரி வழியாக மற்றப் பக்கம் நகலாகிப் போக வேண்டும்; வேகம் குறையும், சில வேளை வீடியோ தட்டுத்தடுமாறும். உள் கிராபிக்ஸ் உங்கள் ரேமிலிருந்தே இடம் எடுத்துக்கொள்வதால் 8 ஜிபி ஒற்றைக் குச்சியோடு இதைச் செய்கிறவர்களுக்குக் கஷ்டம் கூடும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் கார்டின் மொனிட்டரை ‘மெயின் டிஸ்ப்ளே’ ஆக்குங்கள். அதன் கீழே ‘கிராபிக்ஸ்’ பகுதியில் எடிட்டிங் மென்பொருளுக்கு ‘ஹை பெர்ஃபோமன்ஸ்’ கொடுங்கள். வட்ஸ்அப், பாட்டு, படங்களின் பட்டியல் எல்லாம் மற்றத் திரையில் இருக்கட்டும்.