பிள்ளையின் நுரையீரலுக்காக வாரம் எண்ணுங்கள்

என் மகன் 32 வாரத்தில் பிறந்தவன். 2015 ஆகஸ்டில், மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்து லைன் வீட்டிலிருந்து வலியோடு கிளம்பி, ஈப்போவில் பெற்றேன். அன்றிலிருந்து எங்கள் லைனில் யார் முழுகாமல் இருந்தாலும் நான் முதலில் கேட்பது, "இன்றைக்கு எத்தனை வாரம், எத்தனை நாள்?" என்றுதான். "ஏழு மாசம் அக்கா" என்றால் விடமாட்டேன்.

கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுங்கள். தேதி நினைவில்லையா, முதல் மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் எடுங்கள். பிந்தி எடுத்தால் கணக்கு அவ்வளவு சரியாக வராது. கிளினிக்கில் மிசி (நர்ஸ்) எழுதித் தரும் பிரசவத் தேதியை வீட்டுக்காரருக்கும் மனப்பாடம் ஆக்குங்கள்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கக் காரணம் நுரையீரல். பாதிக் கர்ப்பத்துக்குள் மூச்சுக்குழாய்கள் மரக்கிளை மாதிரிப் பிரிந்து முடிந்துவிடும். காற்று வாங்கும் பைகளோ அதற்கப்புறம்தான் உருவாகும். அந்தப் பைகளின் உள்சுவரில் வழவழப்பான ஒரு பூச்சு வேண்டும். கடையில் தேத்தண்ணீர் கட்டித் தரும் பிளாஸ்டிக் பையை உள்ளே நனைத்துவிட்டுப் பிரித்துப் பாருங்கள், இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும். பூச்சு இல்லாத நுரையீரலும் அப்படித்தான், ஒவ்வொரு மூச்சுக்கும் மறுபடி ஒட்டும். 24ஆம் வாரம் வாக்கில் சுரக்கத் தொடங்கும் இந்தப் பூச்சு, போதுமான அளவுக்கு வர 34, 35 வாரம் ஆகும்.

அதனால் 37 வாரத்துக்கு முன்னால் வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, இரத்தம் பட்டாலோ அந்த நிமிடமே கிளம்புங்கள். சூட்டு வலி என்று சீரகத் தண்ணீர் குடித்துக் காத்திருக்காதீர்கள். 34 வாரத்துக்குள் என்றால் தாய்க்கு ஒரு ஸ்டீராய்டு ஊசி உண்டு. அது குழந்தையின் நுரையீரலைச் சீக்கிரம் பழுக்க வைக்கும். நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர், குறைமாத ஆட்டுக்குட்டிகள் எதிர்பாராமல் மூச்சு விட்டதைக் கவனித்து, ஹௌவி என்பவரோடு சேர்ந்து தாய்மார்களிடம் சோதித்து 1972இல் வெளியிட்ட வைத்தியம் இது. முழுப் பலன் கிடைக்க ஏறக்குறைய 24 மணி நேரம் வேண்டும். எனக்கு இரவு பதினொன்றுக்கு முதல் ஊசி, மறுநாள் அதே நேரம் இரண்டாவது, விடியற்காலையில் பிள்ளை. காலை பெரட்டு (தோட்டத்தில் ஆள் கணக்கெடுப்பது) முடியட்டும் என்று அன்று உட்கார்ந்திருந்தால் அந்த ஒரு நாள் எனக்குக் கிடைத்திருக்காது.

இன்னொன்று. ஆபரேஷன் என்று முடிவானால் நட்சத்திரம் பார்த்துத் தேதியை முன்னால் இழுக்காதீர்கள். டாக்டர் அவசரம் என்று சொல்லாதவரை 39 வாரம் ஆகட்டும். வயிற்றில் இருக்கும்வரை நுரையீரலில் நீர்தான் நிறைந்திருக்கும்; பிரசவ வலி அதை உறிஞ்ச உதவும். வலியே வராமல், அதுவும் முன்கூட்டியே எடுத்த குழந்தைக்கு மூச்சு வாங்கும் வாய்ப்பு அதிகம்.

வீட்டுக்கு வந்தபின், பிள்ளை தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணிப் பழகுங்கள். இரண்டு மாதம் வரை 60க்குக் கீழே இருக்க வேண்டும். இடையில் ஐந்து, பத்து விநாடி நின்று தொடர்வது சகஜம். 60ஐத் தொட்டால், விலா உள்வாங்கினால், மூக்கு விடைத்தால், முனகினால், உதடு நீலமானால் உடனே ஆசுபத்திரி.

பிறந்ததோடு வேலை முடியவில்லை. பெரியவர்களுக்கு இருக்கும் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்றுப் பைகளில் பெரும்பகுதி பிறந்த பிறகுதான் முளைக்கும், அதிலும் முதல் இரண்டு மூன்று வருடத்தில் வேகமாக. அந்த நேரத்தில்தான் நாம் குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகையில் காட்டுகிறோம்! என் மாமியாரோடு இதற்காக மூன்று நாள் பேச்சில்லை. அப்புறம் நானே வழி சொன்னேன்: "அத்தை, சாமி மேடையில் காட்டுங்கள், புகை அடங்கியதும் பிள்ளையைத் தூக்கி வருகிறேன்." ஒத்துக்கொண்டார். தலையை மெல்லிய துண்டால் துவட்டினாலே போதும். கொசுவர்த்திக்குப் பதில் வலை கட்டுங்கள். வீட்டுக்காரர் சிகரெட்டை விட்டே ஆக வேண்டும். வாசலில் நின்று பிடித்தாலும் சட்டையோடு உள்ளே வரும்.

என் மகன் ஆசுபத்திரியிலிருந்து வந்த வாரம் வெளியே புகைமூட்டம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டிய நாளெல்லாம் ஜன்னல் சாத்தி, கதவிடுக்கில் ஈரத்துணி வைத்து, உள்ளறையிலேயே இருந்தோம். அந்த நாட்களில் பக்கத்து வீட்டு அண்ணனிடம் குப்பை எரிக்க வேண்டாம் என்று கேட்டேன். இன்றுவரை அவர் எங்கள் பக்கம் எரிப்பதில்லை.