ரீலோடிங் டை வாங்குவதற்கு முன் உங்கள் கேஸை அளந்து பாருங்கள்

துப்பாக்கியின் போல்ட்டைத் திறந்து இழுத்தேன். கேஸின், அதாவது தோட்டாவின் பித்தளைக் கூட்டின், அடிப்பாகம் மட்டும் வந்தது. ஒரு விரல்கடை உயரம்தான் இருக்கும், ஓரம் அறுத்த வளையல் மாதிரி பளபளவென்று இருந்தது. மீதிக் கேஸ் தோட்டா உட்காரும் சேம்பருக்குள்ளேயே நின்றுவிட்டது, அடுத்த தோட்டா உள்ளே போகவில்லை. டர்பனிலிருந்து ம்கூசே பக்கம் இம்பாலா வேட்டைக்கென்று விடியற்காலையில் கிளம்பி வந்த எனக்கு அன்றைய வேட்டை அதோடு முடிந்தது, மிச்ச நேரம் முழுக்க மற்றவர்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்தேன்.

அது நான்காவது முறையாக நானே ரீலோட் செய்த கேஸ், அதாவது சுட்ட கேஸில் திரும்ப வெடிமருந்தும் குண்டும் வைத்தது. தப்பு கேஸிலும் இல்லை, துப்பாக்கியிலும் இல்லை. சுட்ட கேஸைத் திரும்ப அளவுக்குக் கொண்டுவரும் அச்சான டையை நான் பொருத்திய விதத்தில் இருந்தது. கோயம்புத்தூரில் ஏழு வருஷம் லேத்துப் பட்டறையில் வேலை பார்த்தவன் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஏனென்றால் பட்டறையில் அளக்காமல் ஒரு கட் போட்டிருந்தால் மேஸ்திரி தலையில் குட்டியிருப்பார்.

பிரைமர் (கேஸின் அடியில் தீ மூட்டும் சின்ன மூடி) பொருத்துவது, வெடிமருந்து எடை போடுவது எல்லாம் இங்கே இல்லை. அதற்கு வெடிமருந்துக் கம்பெனியின் கையேடு இருக்கிறது, அதில் உள்ள அளவைத் தாண்டிப் போகாதீர்கள். இங்கே தென்னாப்பிரிக்காவின் சட்டம் பற்றி ஒரே வரி: உங்கள் பெயரில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக்கு மட்டும்தான் ரீலோட் செய்யலாம், சாதாரண லைசென்ஸ் என்றால் ஒரு துப்பாக்கிக்கு 200 தோட்டா, 2400 பிரைமர்தான் வீட்டில் இருக்கலாம். சரி, டைக்கு வருவோம்.

எதை வாங்குவது

சுடும்போது பித்தளைக் கேஸ் சேம்பரின் வடிவத்துக்கு ஊதிக்கொள்கிறது. அதைத் திரும்பச் சுருக்குவதுதான் சைசிங் டையின் வேலை. எவ்வளவு சுருக்குவது என்பதில்தான் எல்லா வம்பும்.

ஃபுல் லெங்த் டை கேஸின் உடம்பு, தோள் (உடம்பு சரிந்து குறுகும் இடம்), கழுத்து (குண்டு உட்காரும் இடம்) மூன்றையும் சுருக்கும். நெக் டை கழுத்தை மட்டும் பிடிக்கும். பாடி டை இதற்கு நேர் எதிர், உடம்பையும் தோளையும் பிடித்துவிட்டுக் கழுத்தைத் தொடாது. புஷிங் டையில் கழுத்தின் அளவை நாமே வளையம் மாற்றி முடிவு செய்யலாம். குண்டு வைத்த தோட்டாவின் கழுத்தை அளந்து, அதைவிட இரண்டு தௌ சின்ன வளையம் போடுவார்கள் (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, பட்டறைப் பழக்கம், விட மாட்டேன்). ஸ்மால் பேஸ் டை என்று ஒன்றும் கடையில் காட்டுவார்கள். அது பெரும்பாலும் செமி ஆட்டோமேட்டிக்காரர்களுக்கானது, போல்ட் துப்பாக்கிக்குத் தேவைப்படாது, கேஸை வீணாக நசுக்கும்.

.308, .30-06, .243, 6.5 கிரீட்மூர் இவற்றில் போல்ட் துப்பாக்கி வைத்திருக்கும் புது ஆள் என்னிடம் கேட்டால், சாதாரண ஃபுல் லெங்த் டை செட் ஒன்று வாங்கினால் போதும் என்பேன். ஆர்சிபிஎஸ், ரெடிங், ஹார்னடி, லீ எதுவானாலும் சரி. இந்த நான்கு ரகத்துக்கும் அடி அளவு ஒன்றுதான் என்பதால் ஒரே ஷெல் ஹோல்டர் (டை மாட்டும் பிரஸ்ஸில் கேஸின் அடியைப் பிடிக்கும் துண்டு) போதும். புஷிங் டையில் போடும் காசை நல்ல காலிப்பரில் (அளக்கும் கருவி) போடுங்கள். நெக் டை போட்டால்தான் குறி துல்லியமாக இருக்கும் என்று ரேஞ்சில் ஒரு கூட்டம் சத்தியம் செய்யும். நானும் நம்பினேன். இரண்டு மூன்று தடவை சுட்டதும் உடம்பு இறுகி, போல்ட்டை மூட உள்ளங்கையால் அடிக்க வேண்டி வந்தது. மான் எதிரில் நிற்கும்போது அந்தச் சத்தம் போட்டுப் பாருங்கள்.

.303 மட்டும் தனிக் கதை. என்னிடம் இருப்பது மனைவியின் பெரியப்பா டர்பனில் சாட்ஸ்வொர்த் வீட்டில் வைத்திருந்த லீ-என்ஃபீல்ட், பிரிட்டிஷ் பட்டாளத்தின் பழைய துப்பாக்கி, அவருக்குப் பிறகு என் பெயருக்கு வந்தது. .303 கேஸுக்கு அடியில் விளிம்பு உண்டு, கேஸ் சேம்பருக்குள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை அந்த விளிம்புதான் நிறுத்துகிறது. அதனால் தோள் எங்கே இருக்கிறது என்பதைப் பட்டாளத்துக்காரர்கள் கண்டுகொள்ளவில்லை. சேறு ஒட்டிய தோட்டாவும் போக வேண்டும் என்று சேம்பரைத் தாராளமாகக் கடைந்துவிட்டார்கள். போதாக்குறைக்கு போல்ட்டின் பூட்டு பின்பக்கம் இருப்பதால் சுடும்போது மொத்தமும் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். இப்படிச் சுட்ட கேஸில் தோள் முன்னால் ஓடிப்போயிருக்கும். ஃபுல் லெங்த் டையை அடிவரை இறக்கினால் அந்தத் தோளைப் புதுக் கேஸின் அளவுக்கு அப்படியே பின்னால் தள்ளும், அடுத்த சூட்டில் திரும்ப முன்னால் ஓடும். கம்பியை மடக்கி நிமிர்த்தி மடக்கி நிமிர்த்தினால் என்ன ஆகும்? அடிப்பக்கத்தில் சுவர் மெலிந்து, ஒரு நாள் வளையலாக அறுந்து வரும். என் .303-க்கு இப்போது லீ காலெட் நெக் டைதான். கழுத்தை நான்கு பக்கமும் விரலால் பிடிப்பது போல உள்கம்பியின் மேல் அழுத்துகிறது, மற்ற டைகளில் கேஸ் சிக்காமலிருக்கத் தடவும் மெழுகு இதற்கு வேண்டாம். கேஸ் இறுகத் தொடங்கும்போது மட்டும் ஃபுல் லெங்த் டையைக் கீழே சொல்கிறபடி வைத்து ஒரு தடவை.

பொருத்துவது: நான் விழுந்த இடம்

டையோடு வந்த துண்டுச் சீட்டில், ஷெல் ஹோல்டரைத் தொடும்வரை திருகி அதற்கு மேல் கால் சுற்று என்று இருந்தது. நான் அப்படியே செய்தேன். அது எந்தத் துப்பாக்கியிலும் நுழையும் தோட்டாவுக்கான வழி. நமக்கு வேண்டியது நம் துப்பாக்கியில் மட்டும் நுழையும் தோட்டா.

முதலில் சுட்ட கேஸின் பழைய பிரைமரைத் தட்டி எடுத்துவிடுங்கள், துருத்திக்கொண்டிருக்கும் பிரைமர் அளவைப் பொய்யாக்கும். பிறகு அடியிலிருந்து தோள்வரை அளக்க வேண்டும். இதற்கென்று காலிப்பரில் மாட்டும் துளைபோட்ட துண்டை, கம்பேரேட்டரை, ஹார்னடி விற்கிறது. நான் ஒரு உருளையில் 9.4 மில்லிமீட்டர் துளை போட்டுக்கொண்டேன், அது .303-இன் கழுத்தைத் தாண்டித் தோளின் நடுவில் உட்காரும். நிஜ அளவு என்ன என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சுட்ட கேஸில் வைத்துக் காலிப்பரைப் பூஜ்யமாக்குங்கள், அதிலிருந்து ஏற்றமா இறக்கமா என்பது மட்டும் போதும்.

இப்போது டையை ஷெல் ஹோல்டரிலிருந்து ஒரு முழுச் சுற்று மேலே வைத்து, ஒரு கேஸுக்கு மெழுகு தடவி (அது கீழே வருகிறது) ஏற்றி இறக்கி அளங்கள். அளவு கூடியிருக்கும்! எனக்கு +0.08 மில்லிமீட்டர் காட்டியது. காலிப்பர் கெட்டுவிட்டது என்று நினைத்து பேட்டரியைக்கூட மாற்றினேன். விஷயம் இதுதான்: டை முதலில் உடம்பைப் பிடித்து நெரிக்கிறது, பற்பசைக் குழாயை நடுவில் அமுக்கியது போலப் பித்தளை மேல்நோக்கிப் போகிறது, தோள் இன்னும் டையின் மேல்பக்கத்தைத் தொடவே இல்லை. இந்த நிலையில் நிறுத்திவிட்டுக் கேஸ் உள்ளே போகவில்லை என்று பதறி, டையை ஒரேயடியாக முழுக்க இறக்குவதுதான் எல்லோரும் செய்வது. நானும் அதைத்தான் செய்தேன்.

கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். டையின் மரை அங்குலத்துக்கு 14. அப்படியானால் ஒரு முழுச் சுற்று 1.81 மில்லிமீட்டர், பத்து டிகிரி திருப்பினால் 0.05 மில்லிமீட்டர், அதாவது இரண்டு தௌ. டை மேலும் பிரஸ் மேலும் மார்க்கரால் ஒரே கோடு இழுத்துக்கொண்டால் பத்து டிகிரி என்பது கண்ணுக்கே தெரியும். +0.08 மெல்ல இறங்கிப் பூஜ்யத்துக்கு வரும், அதையும் தாண்டி -0.03 முதல் -0.05 வரை வந்ததும் நிறுத்தி, டையை நகராமல் பிடிக்கும் லாக் ரிங்கை இறுக்குங்கள். போல்ட் துப்பாக்கிக்கு அவ்வளவுதான் தேவை. லாக் ரிங் இரண்டாகப் பிளந்து பக்கவாட்டு ஸ்க்ரூ போட்டுக் கவ்வும் வகையாக இருந்தால் நல்லது, கழற்றி மாட்டினாலும் இடம் மாறாது. எந்த டை வாங்கினாலும் முதல் வேலையாக அதை மாற்றிவிடுவேன்.

ஒரே கேஸை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஐந்தாறு கேஸ் அளந்து பாருங்கள், கடினமான பித்தளை கொஞ்சம் திரும்ப நிமிரும். கடைசியில் போல்ட்டின் ஊசி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு வெறும் கேஸைப் போட்டு மூடுங்கள், போல்ட் தன் கனத்திலேயே இறங்கினால் சரி.

மெழுகு

கேஸ் டைக்குள் சிக்காமலிருக்க மெழுகு தடவ வேண்டும். நான் முதல் தடவை கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெயைத் தடவினேன். கேஸ் டைக்குள் சிக்கி, பிரஸ் கைப்பிடியில் தொங்கினேன், விளிம்பு பிய்ந்து வந்தது. பிரைமர் ஊசிக் கம்பியை மேலே ஏற்றிவிட்டு, கேஸின் அடியில் துளை போட்டு எம்6 உள்மரை எடுத்து, மேலே ஒரு சாக்கெட்டைத் தாங்கலாக வைத்து ஒரு எம்6 போல்ட்டை இறுக்கி வெளியே இழுத்தேன். பட்டறை இல்லாதவர்கள் ஸ்டக் கேஸ் ரிமூவர் வாங்கிக்கொள்ளலாம். அதைவிட, சைசிங் வேக்ஸ் ஒரு சின்ன டப்பா வாங்குவது மலிவு, பல வருஷம் வரும். கிடைக்காவிட்டால் லானோலின் ஒரு பங்கு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பத்துப் பங்கு கலந்து தெளித்துக் காயவிடலாம். சுத்தமான லானோலின் மருந்துக்கடையில் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கான களிம்பாகக் கிடைக்கும். கவுண்டரில் இருந்த அம்மா குழந்தைக்கு எத்தனை மாதம் என்று கேட்டார், எட்டு என்று சொல்லிவிட்டு வந்தேன். தோளில் மட்டும் அப்பிவிடாதீர்கள், அங்கே மிச்சம் நிற்கும் மெழுகு பித்தளையில் பள்ளம் போட்டுவிடும்.

வேறு கேஸிலிருந்து 7×57

பக்கத்து வீட்டு ஊம் (ஆஃப்ரிகான்ஸில் மாமா, பெரியவர்) ஒருவரிடம் பழைய 7×57 மவுசர் இருக்கிறது. 1899-இல் தொடங்கிய போரில் போயர்கள் (இங்கே குடியேறிய டச்சு வம்சாவளிக்காரர்கள்) பிடித்தது 7×57, ஆங்கிலேயர் பிடித்தது .303, நடுவில் கோலென்ஸோவிலும் ஸ்பியோன் கோப்பிலும் ஸ்ட்ரெச்சர் தூக்கியது நம் இந்தியர்கள். இப்போது இரண்டு ரகமும் என் ஒரே பிரஸ்ஸில். அவருக்கு கேஸ் கிடைக்காத ஒரு சமயம் .30-06 கேஸிலிருந்து செய்து கொடுத்தேன்.

.30-06 கேஸ் 63.3 மில்லிமீட்டர் நீளம். கழுத்தை மட்டும் சூடாக்கிப் பதப்படுத்தி (அடிப்பக்கத்தில் சூடு படவே கூடாது), 58-க்கு வெட்டி, மெழுகு தடவி, முதலில் 8×57 டையில் விட்டு அப்புறம் 7×57 ஃபுல் லெங்த் டையில் விட்டேன். இரண்டு படியாகப் போனால் தோள் மடங்காது. கடைசியில் 57-க்கு டிரிம். இதற்கென்றே ஃபார்ம் டை விற்கிறார்கள், பத்திருபது கேஸுக்கு அது வேண்டாத செலவு.

ஆனால் இதோடு முடியவில்லை. புதுக் கழுத்து, பழைய கேஸின் தோளும் உடம்பும் இருந்த இடத்திலிருந்து வருகிறது, அங்கே சுவர் தடிப்பு. குண்டு வைத்ததும் கழுத்து சேம்பரில் இறுகினால் சுடும்போது குண்டை விட இடமிருக்காது, அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறும். அந்த மவுசரில் ஏற்கெனவே சுட்ட 7×57 கேஸின் கழுத்தை வெளியே அளங்கள், குண்டு வைத்த உங்கள் கேஸ் அதைவிட மூன்று தௌவாவது சின்னதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கழுத்தைக் கடைய வேண்டும். சுட்ட பிறகும் ஒரு சோதனை: புதுக் குண்டு ஒன்றை அந்தக் கேஸின் வாயில் விட்டால் தானாக உள்ளே நழுவ வேண்டும். நழுவாவிட்டால் மீதியைச் சுடாதீர்கள். அடியில் .30-06 என்றே முத்திரை இருக்கும், ஆகவே டப்பா மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

பிற்சேர்க்கை

எழுதிய பிறகு இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். கேஸ் அறுவதற்கு முன்பே தெரிந்துகொள்ள முடியாதா என்றால், முடியும். ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் மடக்கிக் கூராக்கி, கேஸுக்குள் விட்டு அடியிலிருந்து சுவரை உரசிக்கொண்டே மேலே இழுங்கள். அடியிலிருந்து சற்று மேலே நுனி ஒரு பள்ளத்தில் இடறினால் அந்தக் கேஸின் ஆயுள் முடிந்தது, வாயை இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போடுங்கள். நான் இப்போது புரட்டாசியில் எல்லாக் கேஸையும் இப்படித் தடவிப் பார்க்கிறேன், அந்த மாதம் வீட்டில் மான்கறிப் பேச்சே எடுக்க முடியாது, வேறு வேலையும் இல்லை.

இன்னொருவர் புது .303 கேஸை முதல் தடவை சுடும்போதே நீளாமல் காப்பாற்ற வழி கேட்டார். விளிம்புக்கு முன்னால் மெல்லிய ரப்பர் ஓ ரிங் ஒன்றை மாட்டி, குறைந்த அளவு வெடிமருந்தில் சுடுங்கள். கேஸின் அடியை அது போல்ட் முகத்தோடு அழுத்தி வைக்கும், தோள் முன்னால் போய் நிரம்பிக்கொள்ளும், அடிச்சுவர் இழுபடாது. ஓ ரிங் கடித்து நசுங்கும் அளவுக்குத் தடியாக இருந்தால் போல்ட் மூடாது, அடுத்த மெல்லிய அளவை எடுங்கள். எனக்கு வன்பொருள் கடையில் மூன்றாவது அளவுதான் சரியாக உட்கார்ந்தது.