அமெரிக்காவுக்குப் புதிதாக வரும் டெல்டாக் குடும்பங்களுக்கு: கைப்பணம் தீர்ந்தால் எந்தக் கதவைத் தட்டுவது?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ புறப்படும் குடும்பங்கள் விசாவைப் பற்றியும், குளிரைப் பற்றியும், பள்ளிக்கூடத்தைப் பற்றியும் விரிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்கின்றன. வேலை போய்விட்டாலோ, ஒரு மருத்துவமனை பில்லில் சேமிப்பெல்லாம் கரைந்துவிட்டாலோ, அடுத்த மாத வாடகைக்கும் அரிசிக்கும் யாரிடம் போய் நிற்பது என்று எவரும் கேட்பதில்லை. பயணம் புறப்படும்போது இதைப் பேசுவது அபசகுனம் என்று நினைக்கிறார்களோ என்னவோ. நெடுங்காலம் நியூ ஜெர்சியில் இருந்துவிட்டு இப்போது மன்னார்குடியில் வசிக்கும் நான், பிள்ளைகளை வழியனுப்பும் பெற்றோரிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் நகையை அடகு வைத்துப் பணம் அனுப்பும் நிலை வருவதற்கு முன் அந்த ஊரிலேயே கேட்டுப் பார்க்க வேண்டிய இடங்கள் சில இருக்கின்றன.

நம் பக்கத்தில் அரசு உதவி என்றால் அதற்கு ஓர் அலுவலகம் உண்டு. ரேஷன் கடை இருக்கிறது, கிராம நிர்வாக அலுவலர் இருக்கிறார், தாலுகா அலுவலகம் இருக்கிறது, திங்கட்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்குகிறார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்தபோது, கூரை இழந்தவர்கள் பள்ளிக்கூடங்களிலும் புயல் பாதுகாப்பு மையங்களிலும் தங்க வைக்கப்பட்டதும், பிறகு வருவாய்த் துறையினர் சேதக் கணக்கு எடுக்க வந்ததும் நாம் கண்டறிந்த முறை. இந்தப் பழக்கத்தோடு அமெரிக்காவுக்குப் போகிறவர், நெருக்கடி வந்தவுடன் அரசு அலுவலகம் ஒன்றைத் தேடுகிறார். அவசர உணவுக்கும் தங்குமிடத்துக்கும் அங்கே மத்திய அரசு தரும் பணத்தில் ஒரு பகுதி, அரசு அலுவலகத்தின் வழியாக அல்லாமல் உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களின் வழியாகத்தான் மக்களை அடைகிறது. ஆகவே நீங்கள் தட்ட வேண்டிய கதவு ஒரு தேவாலயத்தின் அடித்தளத்திலோ, ஒரு பழைய கிடங்கின் பின்புறத்திலோ இருக்கலாம்.

இந்த ஏற்பாட்டின் பெயர் அவசர உணவு மற்றும் தங்குமிடத் திட்டம். வேலையின்மை கடுமையாக இருந்த 1983 ஆம் ஆண்டில், வேலைவாய்ப்புக்கான ஒரு நிதிச் சட்டத்தின் பகுதியாக 5 கோடி டாலருடன் தொடங்கப்பட்ட இது, 1987 இல் வீடற்றோருக்கு உதவுவதற்கான மெக்கின்னி சட்டத்தின் மூலம் சட்டப்படி நிலைபெற்றது. புயல், வெள்ள நிவாரணத்துக்குப் பொறுப்பான ஃபீமா என்ற துறையின் கீழ் இது இருந்தாலும், புயலுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வேலையிழப்பு, நோய், வறுமை ஆகியவற்றால் உணவும் கூரையும் இழக்கும் நிலையில் இருப்பவர்களுக்கானது இது. ஃபீமா தலைமை வகிக்கும் தேசிய வாரியத்தில் செஞ்சிலுவைச் சங்கம், சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு, கத்தோலிக்க அறக்கட்டளைகளின் அமைப்பு, யூதக் கூட்டமைப்புகள், தேவாலயங்களின் தேசிய மன்றம், நிதி திரட்டித் தரும் யுனைடெட் வே என்ற தொண்டு அமைப்பு ஆகியவை இடம்பெறுகின்றன. வேலையின்மை விகிதத்தையும் வறுமை விகிதத்தையும் கணக்கிட்டு ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் பங்கு பிரிக்கப்படுகிறது. கவுன்ட்டி என்பதை நம் மாவட்டம் போல நினைத்துக்கொள்ளலாம். அங்கே ஓர் உள்ளூர் வாரியம் கூடி, தன் பகுதியில் உணவுக்குத் தேவை அதிகமா, வாடகைக்கு அதிகமா என்று முடிவு செய்து, எந்தெந்தத் தொண்டு நிறுவனத்துக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுக்கிறது. வீடற்ற நிலையில் இருக்கும் அல்லது முன்பு இருந்த ஒருவரும் அந்த வாரியத்தில் உட்கார வேண்டும் என்ற விதியை நான் மிகவும் மதிக்கிறேன். நம் ஊர் நிவாரணக் குழுக்களில் குடிசை இழந்தவருக்கு இப்படி ஒரு நாற்காலி போட்டால் நன்றாக இருக்கும்.

பணம் எல்லா ஆண்டும் ஒரே அளவில் வருவதில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் 2020 இல் 20 கோடி டாலரும், 2021 இல் 40 கோடி டாலரும் சிறப்பு ஒதுக்கீடாக வந்தன. இத்திட்டத்தையே நிறுத்திவிடலாம் என்று வெள்ளை மாளிகையின் வரவு செலவு முன்மொழிவுகள் சொன்ன ஆண்டுகளும் உண்டு. வந்த பணமும் சில மாதங்களில் தீர்ந்துவிடுவது வழக்கம். எனவே ஓர் இடத்தில் இப்போது நிதி இல்லை என்று சொன்னால், அது உங்களை மறுப்பதற்காகச் சொன்னதாக எடுத்துக்கொள்ளாமல், அடுத்த கட்ட நிதி எப்போது வரும், வேறு எந்த நிறுவனத்திடம் இப்போது இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளையும் அங்கேயே கேட்டுவிட்டு வர வேண்டும்.

இத்திட்டப் பணத்தில் சமைத்த உணவும், மளிகைப் பொருட்களும், தற்காலிகத் தங்குமிடமும், தங்குமிடம் நிரம்பியிருந்தால் விடுதி அறையும், பாக்கி விழுந்த வாடகையோ வீட்டுக் கடன் தவணையோ, மின்சாரம், எரிவாயு, தண்ணீர் ஆகியவற்றின் கட்டணமும் வழங்கப்படலாம். வாடகை என்றால் வழக்கமாக ஒரு மாதத்துக்குத்தான். பணம் உங்கள் கையில் தரப்படாது. வீட்டு உரிமையாளரின் பெயருக்கோ மின் நிறுவனத்தின் பெயருக்கோ நேராகப் போகும், அந்தப் பணத்தைப் பெற்றுக்கொண்ட உரிமையாளர் மேலும் 30 நாட்கள் உங்களை அந்த வீட்டில் இருக்க விட வேண்டும். புது வீட்டுக்கான முன்பணம், தொலைபேசிக் கட்டணம், கிரெடிட் கார்டு பாக்கி ஆகியவற்றுக்கு இதில் இடமில்லை. இதனால்தான் காலம் முக்கியமாகிறது. வாடகை தவறியவுடன் உரிமையாளர் தரும் நோட்டீஸ் கையில் இருக்கும்போதே போனால் ஒரு மாத வாடகை ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும். மூன்று மாதம் தவறி, வழக்கு நீதிமன்றத்துக்குப் போன பிறகு போனால் அதே ஒரு மாத வாடகையால் எதுவும் ஆகாது. நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டாவது கட்டத்தில்தான் வாய் திறக்கிறார்கள்.

தொடங்க வேண்டிய இடம் 211 என்ற தொலைபேசி எண். 2000 ஆம் ஆண்டில் சமூக உதவித் தகவலுக்கென்று ஒதுக்கப்பட்ட இந்த மூன்று இலக்க எண்ணை நாட்டின் பெரும்பகுதியிலிருந்து இலவசமாக அழைக்கலாம். எடுத்தவுடன் தமிழ் என்று மொழியின் பெயரை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் காத்திருந்தால், பல இடங்களில் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்ப்பார்கள். உங்கள் அஞ்சல் குறியீட்டைக் கேட்டு, அருகில் உணவு தரும் இடம், வாடகை உதவி செய்யும் நிறுவனம், அவை திறந்திருக்கும் நாள் ஆகியவற்றைச் சொல்வார்கள். வாடகை உதவிக்குப் போகும்போது வாடகை ஒப்பந்தம், உரிமையாளரின் நோட்டீஸ், கடவுச்சீட்டு அல்லது ஓட்டுநர் உரிமம், கடைசிச் சம்பளச் சீட்டு, வேலையிலிருந்து நீக்கிய கடிதம் ஆகியவற்றின் நகல்களை எடுத்துச் செல்லுங்கள். நம் ஊரில் போலச் சிபாரிசுக் கடிதம் எதுவும் வேண்டாம். அதைக் கொண்டுபோய் நீட்டினால் அங்கே யாருக்கும் என்ன செய்வதென்று தெரியாது.

உணவுக்கு இவ்வளவு காகிதம் தேவையில்லை. ஃபுட் பேன்ட்ரி என்று அவர்கள் அழைக்கும், மளிகைப் பொருட்களை இலவசமாகத் தரும் இடத்தில் பெரும்பாலும் பெயர், முகவரி, வீட்டில் எத்தனை பேர், வருமானம் ஏறக்குறைய எவ்வளவு என்று கேட்டு, நீங்கள் சொல்வதை எழுதிக்கொண்டு கையெழுத்து வாங்குவார்கள். சில இடங்களில் பையைக் கட்டியே வைத்திருப்பார்கள். சில இடங்களில் கடையில் போலத் தள்ளுவண்டியோடு போய் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம், இரண்டாவது வகை நமக்குப் பெரிய நிம்மதி. சைவக் குடும்பங்கள் டப்பாவில் வரும் பீன்ஸைக் கண்டதும் எடுத்துப் பையில் போட்டுவிடக் கூடாது. அதில் பன்றி இறைச்சி சேர்த்த வகை மிகச் சாதாரணமாகக் கிடைப்பதால், பின்பக்கத்தில் இருக்கும் பொருள் பட்டியலைப் படிக்க வேண்டும். கொண்டைக்கடலை, ராஜ்மா, வேர்க்கடலை வெண்ணெய், ஓட்ஸ், பால், முட்டை, உருளைக்கிழங்கு, வெங்காயம் இவையெல்லாம் வழக்கமாக இருக்கும். அரிசி இருந்தால் அது நீள அரிசியாக இருக்கும். பொன்னிப் புழுங்கலில் வளர்ந்த நாக்குக்கு அது சப்பென்றுதான் இருக்கும், குழம்பைக் கொஞ்சம் காரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேவாலயத்துக்குள் போய் இலவசமாக வாங்குவதா என்ற கூச்சம்தான் நம் குடும்பங்களை மிகவும் தடுக்கிறது. இத்திட்டத்தின் பணத்தைப் பெறும் நிறுவனம் எதுவாயினும், பிரார்த்தனையில் கலந்துகொள்ளும்படி கட்டாயப்படுத்தக் கூடாது, மதத்தையோ இனத்தையோ பார்த்து மறுக்கவும் கூடாது. ராமேசுவரம் போகும் வழியெல்லாம் தஞ்சை மராத்திய மன்னர்கள் சத்திரம் கட்டிச் சோறு போட்ட மண்ணிலிருந்து வந்தவர்கள் நாம். வடலூரில் வள்ளலார் 1867 இல் மூட்டிய அடுப்பின் முன் யாரும் யாரிடமும் ஊர் பேர் கேட்பதில்லை. கோயில் அன்னதானத்தில் பக்கத்து இலைக்காரர் யாரென்று பார்க்காமல் உட்காரும் நாம், அங்கே வரிசையில் நிற்கும்போது மட்டும் தெரிந்த முகம் வந்துவிடுமோ என்று தலையைத் தொங்கப்போட வேண்டியதில்லை.

அடுத்த அச்சம் விசா. உதவி வாங்கினால் பின்னாளில் கிரீன் கார்டு கிடைக்காது என்ற பேச்சு வாட்ஸ்அப் குழுக்களில் ஓயாமல் சுற்றுகிறது. அரசுக்குச் சுமையாகிவிடுவாரா என்று விண்ணப்பதாரரைப் பார்க்கும் விதி 2019 இல் கடுமையாக்கப்பட்டு, 2021 இல் கைவிடப்பட்டு, 2022 இல் புதிதாக எழுதப்பட்டது. கடுமையாக இருந்த 2019 விதிகூட ஃபுட் பேன்ட்ரி உணவையோ, அவசரத் தங்குமிடத்தையோ, பள்ளி மதிய உணவையோ கணக்கில் சேர்க்கவில்லை. அரசு தரும் ரொக்க உதவி போன்றவைதான் எப்போதும் சிக்கலுக்குரியவை. லாப நோக்கமற்ற தொண்டு நிறுவனங்கள் பயனாளியின் குடியேற்ற நிலையைச் சரிபார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று 1996 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இருந்தாலும் இந்த விதிகள் அரசோடு சேர்ந்து மாறுபவை என்பதால், கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர்கள் உணவுப் பை தவிர வேறு எந்த அரசு உதவிக்கும் கையெழுத்திடும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது. எச்-1பி என்ற வேலை விசாவில் இருந்து வேலை போன ஊழியருக்கு வழக்கமாக 60 நாள் வரைதான் அவகாசம் என்பதையும் நினைவில் வைத்து, உணவுக்கான ஏற்பாட்டையும் விசாவுக்கான ஏற்பாட்டையும் ஒரே வாரத்தில் தொடங்க வேண்டும்.

உணவு வாங்க அரசு தரும் ஸ்னாப் என்ற உணவு அட்டை எச்-1பி விசாக்காரர்களுக்கும், எஃப்-1 என்ற மாணவர் விசாக்காரர்களுக்கும் கிடையாது. அதற்கு விண்ணப்பித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும், கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும், ஐந்து வயது நிரம்பாத குழந்தைகளுக்கும் பால், தானியம், பழம் வழங்கும் விக் என்ற திட்டம், வருமான வரம்புக்குள் இருந்தால், பொதுவாக விசா நிலையைப் பார்ப்பதில்லை. பள்ளி மதிய உணவும் அப்படியே. வருமானம் நின்றவுடன் பள்ளி அலுவலகத்தில் அதற்கான படிவத்தைக் கேட்டு நிரப்பிக் கொடுங்கள். மாணவர்களுக்கு வளாகத்துக்குள்ளேயே ஃபுட் பேன்ட்ரி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1993 இல் மாணவர்களே தொடங்கிய இந்தப் பழக்கம் இன்று ஏராளமான பல்கலைக்கழகங்களில் இருக்கிறது.

கணவன் அடிப்பதால் வீட்டை விட்டு வெளியேற வேண்டிய நிலைக்கு வரும் பெண்ணுக்கு வழி வேறு. கணவனின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில், சொந்த வங்கிக் கணக்குகூட இல்லாமல் இருப்பவள் முதலில் அழைக்க வேண்டியது 1-800-799-7233 என்ற, குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண். உடனடி ஆபத்து என்றால் காவல்துறையை வரவழைக்கும் 911 என்ற அவசர எண். நியூ ஜெர்சியில் மானவி, நியூயார்க்கில் சகி, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் மைத்ரி ஆகிய தெற்காசியப் பெண்களுக்கான அமைப்புகள் பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட பெண்களுக்கு உதவி செய்து வருகின்றன. கடவுச்சீட்டும் குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழும் எங்கே இருக்கின்றன என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் ஊரிலிருந்தே அவற்றின் நகல்களைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது தவறல்ல.

உதவி வாங்கித் தருகிறேன் என்று யாராவது கட்டணம் கேட்டால், அவர் தமிழரே ஆனாலும், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். இத்திட்டத்தின் கீழ் உதவி பெறுபவரிடம் எந்த நிறுவனமும் கட்டணம் வாங்கக் கூடாது.

ஓரளவு காலூன்றிய பிறகு, நம் தமிழ்ச் சங்கமே இந்த நிதிக்கு விண்ணப்பித்தால் என்ன என்ற யோசனை பொங்கல் விழாக் கூட்டங்களில் வருவதுண்டு. விண்ணப்பிக்கலாம், உள்ளூர் வாரியம் நிதி வந்ததும் வெளியிடும் அறிவிப்பைப் பார்த்து எந்த லாப நோக்கமற்ற அமைப்பும் மனுச் செய்ய முடியும். ஆனால் இந்தப் பணம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் சேவையை விரிவாக்குவதற்கே தவிர, புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்கு அல்ல. சம்பளம் பெறாத நிர்வாகக் குழு, ஒழுங்கான கணக்கு, மத்திய அரசின் பதிவு எண், ஒவ்வொரு செலவுக்கும் ரசீது, பெரிய தொகை என்றால் தணிக்கை அறிக்கை ஆகியவை இல்லாமல் வாரியம் திரும்பியும் பார்க்காது. ஆண்டுக்கு மூன்று விழா நடத்தும் சங்கம் முதலில் அருகிலுள்ள உணவு வங்கியில் மாதம் ஒரு சனிக்கிழமை பெட்டி அடுக்கப் போவதும், துவரம்பருப்பும் புழுங்கலரிசியும் மூட்டையாக வாங்கிக் கொடுத்து, தமிழ்க் குடும்பம் வந்தால் அதைக் கொடுங்கள் என்று அவர்களிடம் சொல்லி வைப்பதும் உடனே செய்யக்கூடியவை.