இன்ஜினியரிங்கா, இன்ஜினியரிங் டெக்னாலஜியா? யூபியூவில் வரிசை போடும் முன்

மலேசிய அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் யூபியூவின் படிப்புப் பட்டியலில் இரண்டு வரிகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். ஒன்று சர்ஜானா மூடா கெஜுருதெராஅன் எலெக்ட்ரிக் (எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் பட்டம்), மற்றது சர்ஜானா மூடா தெக்னோலோகி கெஜுருதெராஅன் எலெக்ட்ரிக் (எலெக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் டெக்னாலஜி பட்டம்). இரண்டும் பெரும்பாலும் நான்கு ஆண்டு, இரண்டும் ஹானர்ஸ் பட்டம். நடுவில் வரும் அந்த 'தெக்னோலோகி'யைக் கவனிக்காமல் வரிசை போட்டுவிட்டு, படித்து முடித்து மலேசிய இன்ஜினியர்கள் வாரியமான பிஇஎம்மில் பதியப் போகும்போதுதான் பலர் விழிக்கிறார்கள்.

முதலாவது பழைய வகை. பிஇஎம்மின் கீழ் உள்ள இஏசி என்ற குழு இதை அங்கீகரிக்கிறது. இன்ஜினியரிங் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் உடன்படிக்கையில் மலேசியா 2009-இல் முழு உறுப்பினரானதால், அந்தப் பட்டம் மற்ற உறுப்பு நாடுகளிலும் இன்ஜினியர் பட்டமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. இரண்டாவது புதிய வகை. இதை பிஇஎம்மின் இன்னொரு குழுவான இடிஏசி, அல்லது மலேசிய டெக்னாலஜிஸ்ட்கள் வாரியமான எம்போட்டின் கீழ் உள்ள டிடிஏசி அங்கீகரிக்கும். சர்வதேச அளவில் இடிஏசி அங்கீகரித்த பட்டத்துக்கு சிட்னி உடன்படிக்கை. மலேசியா அதில் சேர்ந்தது 2018-இல்.

யோசிக்க வேண்டிய இடம் பட்டத்துக்குப் பின்னால் இருக்கிறது. இஏசி பட்டத்தோடு பிஇஎம்மில் பட்டதாரி இன்ஜினியராகப் பதிந்து, குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் சேர்த்து, தொழில்முறைத் தேர்வில் தேறினால் பெயருக்கு முன் புரொஃபெஷனல் இன்ஜினியர் என்பதைக் காட்டும் 'ஐ.ஆர்.' போடலாம். அதற்கு மேலும் ஒரு தேர்வு எழுதி பிராக்டிசிங் சான்றிதழ் வாங்கியவர்தான் கட்டட வரைபடங்களில் கையெழுத்திட்டு அதிகாரிகளிடம் சமர்ப்பிக்க முடியும். டெக்னாலஜி பட்டதாரி பிஇஎம்மில் பதியலாம், ஆனால் இன்ஜினியரிங் டெக்னாலஜிஸ்ட் என்ற பிரிவில். எம்போட்டில் பதிந்தால், அனுபவத்துக்குப் பிறகு புரொஃபெஷனல் டெக்னாலஜிஸ்ட் என்பதைக் காட்டும் 'டி.எஸ்.' கிடைக்கும். இன்ஜினியரிங் படித்தவரும் பின்னாளில் டி.எஸ். வாங்கலாம், பெயருக்கு முன் இரண்டையும் போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். டெக்னாலஜி படித்தவர் ஐ.ஆர். பக்கம் போவது அப்படி எளிதல்ல. "மாஸ்டர்ஸ் முடித்தால் சரியாகிவிடும்" என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம், பிஇஎம் முதலில் பார்ப்பது முதல் பட்டத்தைத்தான்.

அதற்காக எல்லாருக்கும் ஐ.ஆர். தேவை என்றில்லை. சிவில், ஸ்ட்ரக்சரல், அல்லது கோலாலம்பூர் கன்சல்டன்சி அலுவலகங்களில் எம்&இ (மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல்) வேலை என்றால் யோசனையே வேண்டாம், பழைய வகைதான். பினாங்கின் பாயான் லெப்பாஸ், பத்து காவான் தொழிற்சாலைகளில் டெஸ்ட், பிராசஸ், எக்விப்மென்ட், ஆட்டோமேஷன் வேலை என்றால் கதை வேறு. அங்கே மெஷின் நின்றால் ஓட வைக்கத் தெரிகிறதா என்றுதான் கேட்பார்கள், ஐ.ஆர். கேட்பது அபூர்வம். நீங்கள் விரும்பும் வேலைக்கான பத்து விளம்பரங்களை எடுத்து, தகுதி வரியில் பிஇஎம் பதிவு எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். அரை மணி நேர வேலைதான்.

பாடச்சுமையும் ஒன்றல்ல. இஏசி பட்டத்துக்குக் குறைந்தது 135 கிரெடிட், அதில் 90 இன்ஜினியரிங் பாடங்கள். ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, லேப், சொந்தப் படிப்பு எல்லாம் சேர்த்து 40 மணி நேர உழைப்பு. முதல் இரண்டு ஆண்டு கால்குலஸ், டிஃபரென்ஷியல் ஈக்குவேஷன் பிழிந்தெடுக்கும். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்டிபிஎம் தேர்வின் கணிதத்தில் தட்டுத் தடுமாறியவர் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொழிற்பயிற்சி குறைந்தபட்சம் எட்டு வாரம். டெக்னாலஜி பக்கம் லேப் நேரம் கூடுதல், பயிற்சி பல இடங்களில் ஒரு முழு செமஸ்டர். பொலிடெக்னிக் டிப்ளோமாவோடு வருபவருக்கு இந்தப் பக்கம் பாட விலக்கு கிடைப்பதும் பொதுவாக எளிது.

இனி சரிபார்ப்பது எப்படி. மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏவின் பதிவேட்டில் படிப்பு இருக்கிறது என்பது போதாது. பட்டம் செல்லும் என்பதற்கு அது சாட்சி, இன்ஜினியராகப் பதியலாம் என்பதற்கு அல்ல. இஏசி பட்டியலைத் திறந்து, படிப்பின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். 'எலெக்ட்ரிக்' அங்கீகாரம் பெற்றிருந்தால் 'எலெக்ட்ரிக் அண்டு ரோபோட்டிக்' தானாகப் பெற்றுவிடாது. அடுத்து வளாகம், அதற்கடுத்து ஆண்டு. அங்கீகாரத்துக்குக் காலாவதி உண்டு, நீங்கள் பட்டம் வாங்கப்போகும் ஆண்டு வரை புதுப்பிக்கும் திட்டம் என்ன என்று ஃபேக்கல்டியிடம் எழுத்தில் கேளுங்கள். புதிய படிப்பாக இருந்தால் முதல் மாணவர் அணி இறுதியாண்டுக்கு வந்த பிறகுதான் முழு ஆய்வு நடக்கும். முதல் அணியில் சேர்பவர் அந்த ரிஸ்க்கைத் தெரிந்தே எடுக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டத்தை இங்கேயே படிக்கும் தனியார் கல்லூரி என்றாலும், அந்த நாட்டு அங்கீகாரத்தைக் காட்டினால் திருப்தி அடையாமல் இஏசி பட்டியலையே பாருங்கள்.

பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாது. மெலாக்காவின் யூடெம், ஜொகூரின் யூடிஎச்எம், பெர்லிஸின் யூனிமேப் மூன்றும் இரண்டு வகையையும் நடத்துகின்றன. நிபோங் திபாலில் இருக்கும் யூஎஸ்எம் இன்ஜினியரிங் வளாகம், கோலாலம்பூரின் மலாயா பல்கலைக்கழகம் ஆகியவை பழைய வகைக்குப் பெயர் பெற்றவை. ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறும் எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். வாஷிங்டன் பட்டத்தை அங்கே புரொஃபெஷனல் இன்ஜினியர் என்றும், சிட்னி பட்டத்தை இன்ஜினியரிங் டெக்னாலஜிஸ்ட் என்றும் தனித்தனிப் பிரிவில் மதிப்பிடுவார்கள்.

டெக்னாலஜியில் சேர்ந்துவிட்டு மனம் மாறினால் முதல் செமஸ்டரிலேயே அகாடமிக் அலுவலகத்தில் துறை மாற்றம் பற்றிக் கேளுங்கள். சிஜிபிஏ (மொத்தச் சராசரிப் புள்ளி) நிபந்தனை இருக்கும், காலி இடமும் வேண்டும். இரண்டாம் ஆண்டு தாண்டினால் படித்த பாடங்களில் கொஞ்சம்தான் கணக்கில் வரும், மீதியை மறுபடி படிக்க நேரிடும். பிடிபிடிஎன் கல்விக் கடனும் அதற்கேற்ப நீளும்.