மாதவிடாய் நின்றபின் பாரிசவாதம்: முதலில் அலுமாரியைத் திறவுங்கள்

அம்மாவுக்கோ மாமிக்கோ மாதவிடாய் நின்றுவிட்டதா? அப்படியென்றால் அவருடைய பழைய கர்ப்பிணி கிளினிக் அட்டையைத் தேடி எடுங்கள். எங்கள் அம்மாவுடையது சாறிகளுக்கு அடியில், பூச்சி உருண்டை வாசத்தோடு கிடந்தது. எட்டாம் மாதத்துக்கு நேரே 160/100 என்று சிவப்புப் பேனையால் எழுதியிருந்தார்கள். கர்ப்பத்தில் பிறசர் ஏறியவர்களுக்குப் பிற்காலத்தில் பாரிசவாதம் வரும் வாய்ப்பு கூட, ஆனால் பிள்ளை கைக்கு வந்ததும் அந்தக் கதையை வீட்டில் எல்லாரும் மறந்துவிடுகிறோம்.

அடுத்தது, எத்தனை வயதில் நின்றது என்று கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். ஈஸ்ட்ரஜன் இருக்கும்வரை இரத்தக்குழாய் இளகி விரிந்து கொடுக்கும். 50 வயதையொட்டி அது குறையக் குறைய குழாய் விறைக்கும், கெட்ட கொழுப்பு ஏறும், பிறசரும் பின்னாலேயே வரும். 45க்கு முன்பே நின்றிருந்தால் கவனம் இன்னும் கூட வேண்டும். 'கர்ப்பப்பை எடுத்தது' என்று மட்டும் சொன்னால் விடாதீர்கள், சூலகம் இரண்டையும் எடுத்தார்களா என்று ஆஸ்பத்திரி தந்த டயக்னோசிஸ் கார்ட்டைப் பாருங்கள், ஏனென்றால் அவை போனால் ஹோர்மோன் ஒரே நாளில் போய்விடும்.

சரி, தாளோடு எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். கல்முனையோ களுவாஞ்சிக்குடியோ, கிட்ட இருப்பது போதும். 35 வயது தாண்டிய பெண்களுக்கு அங்கே பிறசர், சீனி பார்ப்பார்கள். வெற்றிலையோடு புகையிலை போடுவதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள் (அம்மா மறைக்கத்தான் பார்த்தார்).

உடம்பு தணலாய்க் கொதிக்கிறது என்று பக்கத்து வீட்டு ஹோர்மோன் குளிசையைக் கடன் வாங்கிக் குடிக்கவே கூடாது. வாயால் எடுக்கும் ஈஸ்ட்ரஜன் பாரிசவாத ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும். தோலில் ஒட்டும் வகையில், குறைந்த அளவில், அப்படிக் கூடியதாகத் தெரியவில்லை. எது சரி என்பதை டொக்டர்தான் சொல்ல வேண்டும். அப்புறம், மகள்மாருக்கும் ஒரு சொல்: கண்ணில் மின்னல் வெட்டி, பிறகு ஒற்றைத் தலைவலி வருகிறவர்கள் ஈஸ்ட்ரஜன் கலந்த குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை கேட்கும்போது அதை மருத்துவிச்சியிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

வாய் கோணினால், ஒரு கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நிற்காமல் உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணித்தியாலம்தான் அவகாசம். அதனால் கடைசியாக எப்போது நல்லாயிருந்தார் என்ற நேரத்தை, பேனை இல்லாவிட்டால் மை பென்சிலாலாவது, உங்கள் கையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.